அழையாத வியாபாரி

(தலைப்பு: அழையாமல் வரும் வியாபாரியிடம் அலுவலகம் காட்ட வேண்டியது கனிவா, கண்டிப்பா? ‘கண்டிப்பே’ என்ற அணியில் பேசியது. இடம்: திருவந்திபுரம்)

நடுவர் அவர்களே! எதிரணியில் ‘கனிவு’ என்று பேசிவிட்டு என்னைக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

தேவநாதப் பெருமாள் கோயில் கொண்ட ஊர் இது. கெடிலக் கரை. முகூர்த்த நாள் வந்தால் வரிசையாகக் கல்யாணம் நடக்கிற ஊர். இந்த ஊரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துப் பாருங்கள், ஐயா. சொந்தக்காரன் வருகிறானோ இல்லையோ, போன் வந்துவிடும். ‘சார், வீடியோ எடுக்கறோம்’, ‘சார், சீர்வரிசைப் பாத்திரம் இருக்கு’, ‘சார், தேனிலவுக்குக் கொடைக்கானல் போறீங்களா?’ என்று கேட்பார்கள். மாப்பிள்ளையே இன்னும் சம்மதம் சொல்லவில்லை, இவன் கொடைக்கானலுக்கு டிக்கெட் போட்டுவிட்டான்! (பலத்த சிரிப்பு)

வீட்டுக்கே இப்படி என்றால் அலுவலகத்துக்கு எப்படி? காலையில் ஜெராக்ஸ் மெஷின்காரர், பதினோரு மணிக்கு இன்சூரன்ஸ்காரர், சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் சுத்திகரிக்கிறவர், மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர்காரர். எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். ‘அவனும் பிள்ளைகுட்டிக்காரன், வயிற்றுப்பாட்டுக்கு வருகிறான், இரண்டு வார்த்தை கனிவாகப் பேசி அனுப்பினால் என்ன?’ என்று கேட்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது. ஏனென்றால், நடுவர் அவர்களே, நான் அழையாத வியாபாரியின் மகன்.

என் அப்பா இந்த ஊரில் இருந்து ஜவுளி மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பாதிரிக்குப்பம், நெல்லிக்குப்பம் என்று ஊர் ஊராக மிதித்தவர். வேட்டி, துண்டு, நூல் புடவை விற்றார். யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர்தான் வாசலில் நின்று மணி அடிப்பார். அந்த மணிச் சத்தத்தில்தான் நான் எம்.ஏ. படித்தேன், டாக்டர் பட்டம் வாங்கினேன். ஆகவே வாசலில் நிற்கிறவனை இளக்காரம் பண்ணுகிற எண்ணம் எனக்குக் கனவிலும் வராது. அப்படியிருந்தும் கண்டிப்பு வேண்டும் என்கிறேன். ஏன் என்று கேளுங்கள்.

தமிழனுக்கு வாசல் வியாபாரம் புதிதல்ல. அகநானூற்றில் உமணர் மகள் உப்பைச் சுமந்துகொண்டு, ‘உப்புக்கு நெல்’ என்று தெருவில் கூவி வருகிறாள். பட்டினப்பாலை பூம்புகார் வணிகரைப் பற்றிச் சொல்லும்போது, வாங்கும்போது அதிகம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள், சரக்கின் விலையை மறைக்காமல் சொல்வார்கள் என்று பாராட்டுகிறது. திருவிளையாடற் புராணத்துக்கு வாருங்கள். மதுரைத் தெருவில் வளையல் விற்க வந்தவர் யார்? விறகு விற்க வந்தவர் யார்? மாணிக்கம் விற்க வந்தவர் யார்? சொக்கநாதப் பெருமான்! சாட்சாத் பரமசிவனே நம் ஊரில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்த விற்பனைப் பிரதிநிதிதான். (கைதட்டல்)

‘அப்படியானால் எங்கள் அணிக்கு வந்துவிடுங்கள்’ என்று எதிரணி அம்மையார் சைகை காட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கள், அம்மா. சிலப்பதிகாரத்துக்கும் போய்விட்டு வருவோம்.

கோவலன் மதுரைக்கு எதற்குப் போனான்? விற்க. கையில் ஒற்றைச் சிலம்பு. தெரியாத ஊர், தெரியாத கடைவீதி. பொற்கொல்லன் ஒருவனைப் பார்த்துச் சிலம்பைக் காட்டினான். அந்தப் பொற்கொல்லன் ‘எனக்கு வேண்டாம், போ’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்! அவன் அப்படிச் சொல்லவில்லை. மிகவும் கனிவாகப் பேசினான். இது அரசிக்கே ஏற்ற சிலம்பு, அரசனிடம் சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரை இங்கேயே இருங்கள் என்று உட்கார வைத்துவிட்டுப் போனான். அந்தக் கனிவான ‘இருங்கள்’ என்ற ஒரு சொல்லில் ஒரு உயிர் போயிற்று. ஒரு நகரமே எரிந்தது. விற்க வந்தவனைக் காத்திருக்க வைப்பது கனிவு ஆகாது என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? (பலத்த கைதட்டல்)

இனி வரலாற்றுக்கு வருகிறேன். அதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பஸ் ஏறிக் கடலூர் போய், தேவனாம்பட்டினத்தில் இறங்கினால் போதும்.

இந்தக் கரைக்கு அழைக்காமல் வந்த மிகப் பெரிய வியாபாரி யார்? கிழக்கிந்தியக் கம்பெனி! 1680-களில் கடலூரில் கால் வைத்தான். நம் நெசவாளர் துணி அவனுக்கு வேண்டியிருந்தது. பதிலுக்கு அவன் நாட்டு மொத்தக் கம்பளித் துணியை இங்கே தள்ளப் பார்த்தான். சித்திரை மாதத்தில் கடலூரில் கம்பளி வாங்குகிறவன் யார், ஐயா? (சிரிப்பு) சரக்கு விற்காத வியாபாரி சும்மா இருப்பானா? இடம் கேட்டான்.

அப்போது செஞ்சிக் கோட்டையில் மராட்டியர் இருந்தார்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கே இருந்தார். சுற்றிலும் மொகலாயப் படை நெருக்குகிறது, அவருக்குப் பணமுடை. சென்னையில் கம்பெனி கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். தேவனாம்பட்டினத்துச் சிறு கோட்டையை 1690-இல் விலைக்கு வாங்கினார். அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. திருடவில்லை, விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கோட்டையோடு எவ்வளவு நிலம்? அங்கேதான் வியாபாரம் இருக்கிறது. கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரத்துக்குள் இருக்கிற ஊரெல்லாம் கம்பெனிக்கு!

இதைக் கேட்டவுடன் நமக்கு என்ன தோன்றும்? ‘குண்டு எவ்வளவு தூரம் போய்விடப் போகிறது? பார்க்கலாம்’ என்று தோன்றும். கம்பெனிக்காரன் என்ன செய்தான் தெரியுமா? கிடைத்த பீரங்கியைச் சுடவில்லை. சென்னையில் இருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து, குறி தெரிந்த பீரங்கிக்காரனையும் கூடவே அனுப்பினான். திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். கடலூர் நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் அந்த எல்லைக்குள் வந்து விழுந்தன. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பிறகு பெயர் வழங்கியது. மாவட்ட கெஜட்டியரே இதைச் சொல்கிறது.

நடுவர் அவர்களே, இதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘இத்தனை காணி, இத்தனை குழி’ என்று எழுதியிருந்தால் அவ்வளவுதான் போயிருக்கும். அளவில்லாத ஒரு சொல்லை எழுதினார்கள். அளவில்லாத சொல்லுக்கு அளவு வைக்கிறவன் எப்போதும் பீரங்கி வைத்திருக்கிறவன்தான்! (கைதட்டல்) 1746-இல் பிரெஞ்சுக்காரன் சென்னையைப் பிடித்தபோது இங்கிலீஷ்காரனுக்கு இந்தக் கரையில் தலைமையிடமாக இருந்தது இந்தக் கோட்டைதான். 1756-இல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னர். 1758-இல் லாலி வந்து இதைப் பிடித்து இடித்துப் போட்டார். கோட்டை போயிற்று. கம்பெனி போகவில்லை. அந்த யேல் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கை விற்று, 562 பவுன் கிடைத்தது என்று 1718-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று அதுதான் யேல் பல்கலைக்கழகம்.

பக்கத்தில் புதுச்சேரியில் ஒருவர் வேறுவிதமாக வாழ்ந்து காட்டினார். ஆனந்தரங்கப் பிள்ளை. கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷ். வியாபாரி வந்தாலும், தூதுவன் வந்தாலும், காரியம் கேட்டு வந்தாலும், பெரும்பாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். 1736-இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். யார் வந்தார், என்ன கொண்டுவந்தார், என்ன பேசினார் என்று எழுதி வைத்தார். அதனால்தான் இன்றைக்கு அந்தக் காலம் நமக்குக் கண்ணாடி போலத் தெரிகிறது. ஒரு அலுவலகத்துக்கு ஒரு வாசல், அந்த வாசலுக்கு ஒரு ஆள், அந்த ஆளிடம் ஒரு நோட்டு. இவ்வளவுதான் நிர்வாகம்!

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை நான் மேடையில் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் தப்பு என்னுடையது.

பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைப் பொறுப்பு என்னிடம் இருந்தது. துறைக்கு ஒரு போன். அதற்குப் பக்கத்தில் ஓர் எழுத்தர், ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லாத மனிதர். நான் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவேன். ஒரு புத்தக விற்பனை நிறுவனத்தில் இருந்து அடிக்கடி போன். கலைக்களஞ்சியம், பன்னிரண்டு தொகுதி, கல்லூரிகளுக்குச் சலுகை விலை. அண்ணன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, ‘சார், என்ன சொல்லட்டும்?’ என்பார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே, ‘ஏதாவது சொல்லி அனுப்புங்க அண்ணே’ என்பேன்.

அவர் என்ன சொல்வார்? நம் எல்லோர் வாயிலும் இருக்கிற வார்த்தை: ‘பார்க்கலாம்’.

தமிழில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம்? பெண் பார்க்க வந்தவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம்? (சிரிப்பு) வேண்டாம் என்று அர்த்தம்! நமக்குத் தெரியும். ஆனால் போன் பண்ணுகிறவனுக்கு அது ‘சரி’. அடுத்த முறை, ‘அனுப்பட்டுமா சார்?’ என்று கேட்டிருக்கிறான். அண்ணன், ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்றிருக்கிறார்.

பதினைந்தாம் நாள் பெட்டி வந்து இறங்கிற்று. உள்ளே பன்னிரண்டு தொகுதி. கூடவே 4,800 ரூபாய்க்குப் பில். பெட்டியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் அண்ணன். பில்லுக்கு ஆர்டர் இல்லை, கொட்டேஷன் இல்லை, பணம் கொடுக்க வழியில்லை. கடிதம் மேல் கடிதம். அடுத்து வந்த தணிக்கைக்காரர் ‘ஆர்டர் இல்லாமல் சரக்கு வாங்கியது யார்?’ என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியில் அண்ணனின் பணிக்கொடை நின்றுபோயிற்று.

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான நேரம், ஐயா. இதே திருவந்திபுரத்தில்தான் கல்யாணம். ஓய்வு பெற்ற மனிதர் தினமும் கல்லூரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைத் திட்டவில்லை. ‘சார், நான் மரியாதையாத்தான் சார் பேசினேன்’ என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லாமல் இருந்துவிட்டு, அந்தப் பழியை ஒரு எளிய மனிதர் தலையில் ஏற்றினேன்.

கடலூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்த நண்பரிடம் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு குதிரைக் கதை சொன்னார். இங்கிலாந்தில் 1862-இல் தீர்ப்பான வழக்கு. ஒருவர் தன் உறவுக்காரப் பிள்ளையின் குதிரையை விலை பேசினார். ‘உன்னிடம் இருந்து பதில் வராவிட்டால், 30 பவுன் 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன்’ என்று எழுதினார். அந்தப் பிள்ளை பதில் போடவில்லை. இடையில் ஏலக்காரர் தவறுதலாகக் குதிரையை விற்றுவிட்டார். விலை பேசியவர் அந்த ஏலக்காரர்மேல் வழக்குப் போட்டார். நீதிமன்றம் என்ன சொன்னது? ஒருவன் வாய் திறக்காததாலேயே ஒப்பந்தம் உண்டாகிவிடாது, குதிரை உம்முடையது இல்லை என்று சொல்லிவிட்டது.

நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், சம்மதம் என்றால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ‘மௌனம் சம்மதம்’ என்பது கல்யாண வீட்டுப் பழமொழி. கடைவீதிக்கு அது செல்லாது! (கைதட்டல்) வக்கீல் நண்பர் இன்னொன்றும் சொன்னார்: ‘சார், உங்க ஆள் மௌனமா இருந்திருந்தா நான் ஈஸியா காப்பாத்திருப்பேன். அவர் ஆகட்டும்னு சொல்லித் தொலைச்சிட்டாரே!’

நான் பொறுப்பை ஏற்று எழுதிக் கொடுத்தேன். துறை ஆர்டர் கொடுக்கவில்லை, புத்தகங்கள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன, உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள் என்று பதிவுத் தபால் அனுப்பினேன். பெட்டி திரும்பிப் போனது. பணிக்கொடை வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அண்ணன் வட்டிக்குக் கடன் வாங்கிப் பெண்ணுக்குத் தாலி வாங்கினார். எதிரணி நண்பர்களே, உங்கள் கனிவுக்கு யார் வட்டி கட்டியது, சொல்லுங்கள்! (நீண்ட கைதட்டல்)

அன்றைக்கு ஒரு போன். இன்றைக்கு? 1995-இல் இந்தியாவில் செல்போன் வந்தபோது, வருகிற அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். 2003-இல் அது மாறியது. கூப்பிடுகிறவனே காசு கொடுக்கட்டும் என்றார்கள். நமக்கு லாபம்தான். ஆனால் கூப்பிடுகிற செலவும் சரிந்தபோது கம்பெனிகளுக்குக் கதவு திறந்துவிட்டது. அழைப்பு மழை! உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. 2007-இல் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ‘என்னை அழைக்காதே’ என்று பதிவு செய்ய ஒரு பட்டியல் கொண்டுவந்தது. 2010-இல் விதியை இறுக்கினார்கள். விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண் கொடுத்தார்கள். இரவு ஒன்பது முதல் காலை ஒன்பது வரை கூப்பிடக் கூடாது என்றார்கள். 2018-இல் விதிகளையே புதிதாக எழுதினார்கள். 2025-இல் புகார் கொடுக்கிற கெடுவை மூன்று நாளில் இருந்து ஏழு நாளாக நீட்டினார்கள். 1909 என்ற எண்ணுக்குப் போன் பண்ணினாலே பதிவு செய்யலாம். அமெரிக்காவிலும் 2003-இல் இப்படி ஒரு பட்டியல் வந்தது. ஆனால் அது தனிப்பட்டவர்களின் போனுக்குத்தான். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியைக் கூப்பிட்டால் பெரும்பாலும் அந்தப் பட்டியல் காப்பாற்றாது. ஆகவே அலுவலகம் தன் வாசலைத் தானேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

1690-இல் எல்லையைத் தீர்மானித்தவன் வந்தவன். இன்றைக்கு எல்லையைத் தீர்மானிக்கிற உரிமை வீட்டுக்காரனுக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டாமா?

எப்படிப் பயன்படுத்துவது? அண்ணன் பட்ட பாட்டுக்குப் பிறகு எங்கள் துறையில் நான் வைத்த வழக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் கடைக்கும் ஆபீசுக்கும் உதவும். ஒன்று, விற்க வருகிறவருக்குப் பதில் சொல்ல ஒரே ஆள். அந்த ஆளுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல அதிகாரம் கொடுத்தாக வேண்டும். அதிகாரம் இல்லாதவன்தான் ‘பார்க்கலாம்’ என்பான். இரண்டு, வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் அவர்களுக்கென்று ஒதுக்குவது. அந்த நேரத்தில் வந்தால் நாற்காலியும் தண்ணீரும் உண்டு. மூன்று, பெயர், நிறுவனம், சரக்கு, விலை எல்லாம் எழுத்தில் கேட்பது. உண்மையான வியாபாரி மகிழ்ச்சியோடு அனுப்புவான். ஏமாற்றுக்காரன் அத்தோடு கூப்பிட மாட்டான். நான்கு, எங்களிடம் என்ன மெஷின் இருக்கிறது, யார் கையெழுத்துப் போடுவார் என்பதைப் போனில் சொல்வதில்லை. ‘நீங்க எப்பவும் வாங்கற கம்பெனிதான் சார்’ என்று பேசிவிட்டுப் பில் அனுப்புகிற கூட்டம் உலகம் முழுக்க உண்டு. ஐந்து, ஆர்டர் இல்லாத பெட்டிக்குக் கையெழுத்து இல்லை. அரசு அலுவலகம் என்றால் கேட்கவே வேண்டாம். டெண்டரில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று 1998-இல் தமிழ்நாடு சட்டமே போட்டிருக்கிறது.

‘இதெல்லாம் சரி, மனசு?’ என்பார் எதிரணித் தலைவர். அதற்கு என் அப்பா பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சின்ன வயதில் ஒரு நாள் நானும் கேரியருக்கு முன்னால் உட்கார்ந்து போனேன். ஒரு வீட்டில் அம்மாள் ஒருத்தி, ‘வேணாம்பா, இந்த வருஷம் வெள்ளாமை இல்ல’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு ஆத்திரம். அடுத்த வீட்டில் மோர் கொடுத்தார்கள், புடவையெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள், ‘அடுத்த வாரம் வாங்க, பார்க்கலாம்’ என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பும்போது அப்பாவிடம், ‘மோர் கொடுத்தவங்க நல்லவங்கப்பா’ என்றேன்.

அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்: ‘டேய், வேணாம்னு சொன்னாளே, அவதாண்டா நல்லவ. நான் அடுத்த ஊருக்குப் போய்ட்டேன். இவங்க மூணு வாரமா இப்படித்தான் சொல்றாங்க. நாலு மைல் வர்றேன், நாலு மைல் போறேன். அவங்க ஊத்தின மோரு என் கால்வலிக்குப் பத்தாதுடா.’

(நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, விற்றுப் பிழைத்தவரே கொடுத்த தீர்ப்பு அது. இப்போது எனக்குப் போன் வந்தால், ‘அம்மா, எனக்கு வேண்டாம். உங்க நேரம் வீணாக வேண்டாம், இந்த நம்பரை எடுத்துடுங்க’ என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஒரு பெண் சொன்னாள்: ‘ரொம்பத் தேங்க்ஸ் சார். காலையில இருந்து திட்டினவங்க இருக்காங்க, அப்புறம் கூப்பிடுன்னு சொன்னவங்க இருக்காங்க. நேரா வேண்டாம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்.’ அந்தக் குரலில் என் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது.

வருகிறவரை உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். வாங்குவதாக இருந்தால் விலை பேசுங்கள். வாங்காவிட்டால், அந்த நிமிஷமே, முகம் பார்த்து, ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். கண்டிப்பாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, நடுவர் அவர்களும் தீர்ப்பைப் ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப் போடாமல் எங்கள் அணிக்கே வழங்க வேண்டும் என்று வேண்டி விடைபெறுகிறேன். (சிரிப்பு, பலத்த கைதட்டல்)